ரெட் அலர்ட் விட்டும் மழை ஏமாற்றுவது ஏன்? வானிலைக் கணிப்பில் சின்னப் பிழை செய்யும் பெரிய வேலை

2024 அக்டோபர் 16. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்கு ரெட் அலர்ட். பள்ளிகளுக்கு விடுமுறை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்கள். ஆனால், எதிர்பார்த்த அதி கனமழை அன்று சென்னையில் பெய்யவில்லை. வழக்கம்போல மீம்ஸ் பறந்தன.

அப்போ கணிப்பு தப்பா? அவ்வளவு சிம்பிளாகச் சொல்லிவிட முடியாது.

பிழை எங்கே நுழைகிறது?

காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றின் இப்போதைய அளவீடுகளில் இருந்துதான் கணிப்பு தொடங்குகிறது. எந்தக் கருவியும் நூறு சதவீதம் துல்லியம் கிடையாது. கொஞ்சம் கூட்டிக் காட்டும், கொஞ்சம் குறைத்துக் காட்டும். இதுதான் ரேண்டம் பிழை.

ஒரே பொருளைப் பல முறை எடை போட்டு சராசரி எடுத்தால், இந்தப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். வானிலையில் அந்த வசதி இல்லை. இன்றைய கணக்கின் விடையை வைத்துத்தான் நாளைய கணக்கு. பிழையும் கூடவே போய், வட்டிக்கு வட்டி போல வளரும்.

1961-ல் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் லோரன்ஸ் இதை நேரடியாகப் பார்த்தார். கணினியில் 0.506127 என்று இருந்த எண்ணை, 0.506 என்று சுருக்கிக் கொடுத்தார். போகப் போக, முந்தைய கணிப்புக்குச் சம்பந்தமே இல்லாத வானிலை வந்து நின்றது!

பிறகு எப்படிக் கணிக்கிறார்கள்?

ஒரே விடையை நம்புவதில்லை. ஐரோப்பிய வானிலை மையம், தொடக்க அளவுகளை லேசாக மாற்றி 51 கணிப்புகளை ஓட்டுகிறது. அதில் 36 கணிப்புகள் மழை என்றால், வாய்ப்பு சுமார் 70%. அதாவது, இப்படிச் சொன்ன 10 நாள்களில் ஏறக்குறைய 7 நாள் மழை பெய்யும். 3 நாள் பெய்யாது. அந்த மூன்றில் ஒன்று நம் ஊரில் அமைந்தால், கணிப்பு பொய் என்று ஆகிவிடாது.

அதற்காக, எப்போது தவறினாலும் விட்டுவிடலாம் என்றில்லை. 70% என்று சொன்ன நாள்களில் தொடர்ந்து பாதிகூட மழை பெய்யவில்லை என்றால், கோளாறு கணிக்கும் முறையில்தான். ஒரு நாளை வைத்து அல்ல, பல நாள்களை எண்ணித்தான் மதிப்பெண் போட வேண்டும்.

நாம் என்ன செய்யணும்?

ரெட் அலர்ட் என்றால் ‘நடவடிக்கை எடுங்கள்’ என்று அர்த்தம். மழைக்கு கேரண்டி அல்ல. வராத மழைக்காக காரை மேம்பாலத்தில் நிறுத்தினால் போவது சில மணி நேரம். போன முறை ஏமாந்தோமே என்று அடுத்த அலர்ட்டை அலட்சியப்படுத்தினால், போவது உயிராகவும் இருக்கலாம்.