கால் புக்கும் கைபேசியும்

போன தீபாவளிக்கு மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். என் கைபேசியில் செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்து வைக்கும் செயலி ஒன்று இருக்கிறது. அவள் போட்டுக் கொடுத்ததுதான். அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"என்னப்பா இது, அறுபது வேலை கிடக்கு! மார்ச்சுல, ஜூன்ல செய்யப்போறதை எல்லாம் இப்ப எதுக்குப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க? மறைச்சு வச்சிடுங்க. தேதி வந்தா அதுவே காட்டும்."

இரண்டு தட்டு தட்டினாள். அறுபது நான்கானது. அந்த நான்கையும் சாயங்காலத்துக்குள் முடித்தேன். "எல்லாம் முடிந்தது, ஓய்வெடுங்கள்" என்று திரையில் ஒரு படம் வந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஓட்டுநர் உரிமம் இந்த வருஷம் முடிகிறது என்று அந்தப் பட்டியலில் குறித்திருந்தேன். செயலி சொன்ன சொல் தவறவில்லை. முடிகிற நாளன்று காலையில் சரியாகக் காட்டியது. ஆனால் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதற்காக டாக்டரிடம் போனால், "வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, முதலில் அதை எடுங்கள்" என்றார். ஆபரேஷன், சொட்டு மருந்து, புதுக் கண்ணாடி என்று ஒன்றரை மாதம் ஓடியது. அதுவரை ஸ்கூட்டர் வாசலில் நின்றது. நான் வன்னியம்பட்டி விலக்கில் நின்று, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகும் பஸ்ஸையும் ராஜபாளையம் பக்கம் போகும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் முன்னால் திறந்த கதவை, மூடுகிற நாளில் எனக்குக் காட்டியது அந்தச் செயலி.

இது சின்ன விஷயம். பஸ்ஸில் போனதால் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆனால் விலக்கில் நின்ற நாட்களில் எனக்கு ஒரு பழைய பதிவேடு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு எழுத்தருக்கும் ஒரு தன்பதிவேடு உண்டு. வருகிற ஒவ்வொரு தபாலும் அதில் ஏறும். அதன்மேல் என்ன நடவடிக்கை, எப்போது, யாருக்குப் போனது என்பதும் ஏறும். குறிப்பிட்ட தேதிகளில் அனுப்ப வேண்டிய அறிக்கைகளுக்குத் தனியாகக் காலமுறைப் பதிவேடு. நினைவூட்டு அனுப்புவதற்கு ரிமைண்டர் டைரி. இவற்றோடு கால் புக் என்று ஒன்றும் உண்டு. பல மாதங்களுக்கு எந்த வேலையும் இல்லாத கோப்பை, உதாரணமாகக் கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்கும் கோப்பை, தன்பதிவேட்டிலிருந்து எடுத்து கால் புக்கில் ஏற்றிவிடலாம். தேதி வரும்போது மறுபடி உயிர் கொடுக்கலாம்.

மகள் இரண்டு தட்டில் செய்தது இதைத்தான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற கால் புக்கை யாரோ கைபேசிக்குள் வைத்துப் புதுக் கண்டுபிடிப்பாக விற்கிறார்கள்.

கால் புக் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் ஒரு ஆசை ஒளிந்திருந்தது. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் கொடுக்க வேண்டும். கால் புக்குக்குப் போன கோப்பு அந்தக் கணக்கில் வராது. நிலுவை எண்பது என்றால் மெமோ வரும். நாற்பது என்றால் பாராட்டு வரும். பிறகு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் அதைச் செய்தேன். இறந்துபோன ஒரு கிராம உதவியாளரின் மனைவிக்குச் சேர வேண்டிய பணம் பற்றிய கோப்பு அது. வாரிசு யார் என்பதில் தகராறு, கோர்ட்டில் வழக்கு. "தீர்ப்பு வந்த பின்" என்று எழுதி கால் புக்கில் ஏற்றினேன். விதிப்படி சரிதான். அந்த மாதம் என் நிலுவையில் ஒன்று குறைந்தது.

அந்தம்மா மாதம் ஒருமுறை வருவார். "என்னங்கய்யா, நம்ம காயிதம் என்னாச்சு?" என்பார். "கோர்ட்ல இருக்கும்மா, வந்ததும் சொல்றோம்" என்பேன். சொன்னபோது அது உண்மை. பிறகு தீர்ப்பு வந்தது, அவருக்குச் சாதகமாகவே. நகல் வேறு ஒரு இருக்கைக்குப் போய், அங்கே ஒரு கட்டில் சேர்ந்துவிட்டது. என் மேஜையில் அந்தக் கோப்பு இல்லை. ஆகவே எனக்கு நினைவில்லை. அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். புதிதாக வந்த கண்காணிப்பாளர் ஒருவர் கால் புக்கை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு கோப்பாகக் கொண்டுவரச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தீர்ப்பு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

பணம் கிடைத்தது. ஆனால் அதற்குள் அவருடைய மூத்த பெண் பத்தாம் வகுப்போடு நின்று ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். காசோலை வாங்க வந்த அன்று அந்தம்மா என்னைத் திட்டவில்லை. "நல்லா இருங்கய்யா" என்றுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அதனால்தான் "மறைத்து வை, தேதி வந்தால் காட்டும்" என்கிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது. தேதி வந்தால் காட்டும், சரி. தேதியே இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும் வேலையை எது காட்டும்? தீர்ப்பு எந்தத் தேதியில் வரும் என்று நான் எப்படிக் குறித்திருக்க முடியும்? மறைத்த கோப்பைப் பற்றி வெளியில் ஒரு சங்கதி நடந்தால், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நம் மனதில் ஒரு இடம் இருக்க வேண்டும். கண்ணில் படாத வேலைக்கு அந்த இடம் இல்லை.

மகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. அறுபது வேலையும் தினம் கண்ணில் பட்டால் எதுவும் உறைக்காது. கொஞ்ச நாளில் பட்டியலையே திறக்க மாட்டோம். உண்மைதான். டேவிட் ஆலன் என்ற அமெரிக்கர் 2001-ல் எழுதிய புத்தகத்தில் 43 உறைகள் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாட்களுக்கு 31, மாதங்களுக்கு 12. வரப்போகிற வேலையை அந்தந்த உறையில் போட்டு மூடிவிட வேண்டும். ஆனால் தினம் ஒரு உறையைத் திறக்க வேண்டும், மாதம் பிறந்தால் மாத உறையைக் கொட்டி நாள்வாரியாகப் பிரிக்க வேண்டும். கை படாமல் அங்கே எதுவும் நடக்காது. செயலிக்காரர்கள் உறையை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டார்கள்.

நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். பக்கத்தில் சிவகாசி இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுகிற ஊர். அங்கே அடித்த தினசரி காலண்டர்தான் என் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதுவும் நாளையை மறைக்கத்தான் செய்கிறது. இன்றைய தாள் மட்டுமே தெரியும். ஆனால் பின்னால் எவ்வளவு தாள் பாக்கி என்று அதன் கனம் சொல்லும். புரட்டாசி வந்தால் கட்டு மெலிந்திருப்பது தெரியும். என் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் கனத்தைப் பார்த்தே, "வருஷம் ஓடிப்போச்சுடா" என்று மார்கழிக்கு அரிசி மாவுக்கு ஏற்பாடு பண்ணுவார். என் கைபேசிக்குக் கனம் இல்லை. நான்கு வேலை இருந்தாலும் நானூறு வேலை மறைந்திருந்தாலும் அதே படம், அதே "ஓய்வெடுங்கள்".

இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு. பல செயலிகள் ஒரு வேலைக்கு ஒரே ஒரு தேதிதான் கேட்கின்றன. தொடங்க வேண்டிய நாள் வேறு, முடிக்க வேண்டிய நாள் வேறு என்பது கல்யாணம் நடத்திய எந்த வீட்டுக்கும் தெரியும். ஆர்க் மோட் என்ற மென்பொருளில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு, கெடுவுக்கு 14 நாள் முன்னதாகவே அது எச்சரிக்கத் தொடங்கிவிடும் என்று மருமகன் சொன்னார். அப்படியென்றால் இது முடியாத காரியமில்லை. மனமில்லாத காரியம்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது விளையாட்டல்ல. மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு ஆண்டு நேர்காணல் இப்போது ஓய்வு பெற்ற மாதத்தில். மத்திய அரசுக்காரர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று. விரல் ரேகை தேய்ந்த கையை வைத்துக்கொண்டு கடைசி நாளில் கருவி முன் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலை ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது என்று.

ஆகவே நான் செய்துகொண்டிருப்பது இது. எந்த வேலைக்கும் முடிகிற தேதியைப் போடுவதில்லை, தொடங்குகிற தேதியைப் போடுகிறேன். யாரோ ஒருவரின் பதிலுக்குக் காத்திருக்கிற வேலையை மறைப்பதே இல்லை. மாதம் 1-ஆம் தேதி காபி குடித்துவிட்டு, மறைத்ததை எல்லாம் வெளியே கொட்டி ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது.

போன வாரம் மகள் போனில் கேட்டாள். "அப்பா, லிஸ்ட் இப்ப எத்தனை காட்டுது?"

"அறுபத்து மூணும்மா."

"ஐயோ, மறுபடியுமா?"

அன்று 1-ஆம் தேதி என்று அவளுக்குத் தெரியாது.