பண்டமிருந்தும் பஞ்சம்

கொரோனா நோயைத் தடுக்கும் பொருட்டு, 2020-ம் வருஷம் மார்ச் மாதம் 24-ம் தேதி மாலை ஆறு மணி முதல் 144 தடையுத்தரவு அமுலுக்கு வருமென்று தமிழ்நாடு சர்க்கார் அதற்கு முதல் நாள்தான் அறிவித்தனர். அந்த உத்தரவு நடப்புக்கு வந்த இரண்டு மணி நேரத்தில் பிரதம மந்திரி டெலிவிஷனில் தோன்றி, அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்குத் தேசம் முழுவதும் ஊரடங்கு என்று பிரகடனம் செய்தார். அத்தியாவசியப் பண்டங்கள் தடையின்றிக் கிடைக்கும், ஜனங்கள் பதற வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து சொல்லப்பட்டதும் உண்மையே. ஆனால் அந்த வார்த்தை காதுக்கு எட்டுமுன் பயம் நெஞ்சுக்கு எட்டிவிட்டது. சென்னையிலிருந்து கம்பம் வரையில் மளிகைக் கடையிலும், காய்கறி மார்க்கெட்டிலும், மருந்துக் கடையிலும், சூப்பர் மார்க்கெட்டிலும் ஒரே கூட்டம். ஒருவரையொருவர் அணுகாதிருங்கள் என்று பிறப்பித்த உத்தரவே ஜனங்களைத் தோளோடு தோள் நெருக்கிவிட்டது.

அதே நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் நடந்தது என்ன? சுருளிப்பட்டியிலும் கூடலூரிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பன்னீர் திராட்சை பந்தலில் பழுத்துத் தொங்கியது. வருஷம் முழுவதும் மாறி மாறி அறுவடை காணும் பயிர் அது. ஆனால் பழுத்தபின் காத்திருக்காது. பறிக்க ஆள் வர முடியவில்லை. ஏற்றிச் செல்ல லாரி வரவில்லை. வாங்கும் வியாபாரியும் வரவில்லை. பழம் கொடியிலேயே வீணாயிற்று. நகரத்தில் கூடையுடன் நின்றவருக்குப் பண்டம் இல்லை. கிராமத்தில் பண்டத்துடன் நின்றவருக்குக் கூடை இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். தட்டுப்பாடு வயலில் பிறக்கவில்லை. அது பாதையில் பிறந்தது. அதைவிட முக்கியமாக, ஜனங்களுடைய நம்பிக்கையின்மையில் பிறந்தது.

தேசத்தில் தானியம் இல்லாமலா இந்தப் பரபரப்பு? அந்த வருஷம் மார்ச் மாதத்தில் மத்திய சர்க்காரின் உணவுக் களஞ்சியங்களில் அரிசியும் கோதுமையுமாக 5 கோடி டன்னுக்கு மேல் இருந்தது. ஏப்ரல் முதல் தேதியன்று கையிருப்பில் இருக்க வேண்டுமென்று விதிக்கப்பட்ட அளவோ சுமார் 2 கோடியே 10 லட்சம் டன்தான். அவசியமானதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் குவிந்திருந்த தேசத்தில் ஐந்து கிலோ அரிசிக்கு அடிதடி என்றால், குறை எங்கே இருக்கிறதென்று ஆராய வேண்டாமா?

கணக்கு மிகவும் எளிது. ஒரு கிராமத்தில் முந்நூறு குடும்பங்கள். ஒரே மளிகைக் கடை. அதில் எல்லோருக்கும் பத்து நாட்களுக்குப் போதுமான சரக்கு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல் வாங்கினால் ஒருவருக்கும் கஷ்டமில்லை. பத்து நாட்களுக்குள் அடுத்த லோடு வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் ஒரு மாதத்துக்கு வேண்டியதை இன்றே வாங்கிவிட வேண்டுமென்று புறப்பட்டால், முதலில் வந்த நூறு குடும்பங்களோடு கடை காலி. மற்ற இருநூறு குடும்பங்கள் வெறும் பையோடு திரும்ப வேண்டியதுதான். ஒரு மணி தானியம்கூடக் குறையவில்லை. யாரும் திருடவும் இல்லை. ஆயினும் ஊரில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பஞ்சம் வந்துவிட்டது!

நம் ஜனங்களுக்குக் கட்டுப்பாடு இல்லை, பந்திக்கு முந்துவதே அவர்கள் சுபாவம் என்று சில கனவான்கள் அப்போது கேலி பேசினார்கள். இதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஒழுங்குக்குப் பேர் பெற்ற சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7-ம் தேதி அபாய அறிவிப்பு ஒரு படி உயர்த்தப்பட்டதும், நம்மவர் உள்படச் சகல ஜாதியாரும் கடைகளுக்கு ஓடினார்கள். அரிசியும் நூடில்ஸும் காகிதச் சாமான்களும் அலமாரிகளிலிருந்து மறைந்தன. ஆஸ்திரேலியாவில் கழிவறைக் காகிதத்துக்காகச் சண்டையே நடந்தது. ஆகையால் இது ஒரு தேசத்தாரின் குணதோஷமல்ல. அடுத்தவன் வாங்கிவிட்டால் நமக்கு இராது என்ற எண்ணம் வந்துவிட்டால், நிதானமுள்ளவனும் ஓடத்தான் செய்வான். அவன் ஓடுவது பேராசையினால் அல்ல; தன் பங்கைக் காப்பார் ஒருவருமில்லை என்ற பயத்தினால்.

அந்தத் தேசங்கள் செய்த பரிகாரத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் பெரிய கூட்டுறவுக் கடை, ஆளுக்கு இத்தனை மூட்டை அரிசி என்று வரம்பு கட்டியது; சரக்கு இருக்கிறதென்பதை மந்திரிமார் பகிரங்கமாக எடுத்துரைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய கடைக் கூட்டத்தார் முதியோருக்கும் அங்கஹீனருக்கும் என்று காலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார்கள். இங்கே நடந்ததோ வேறு. மார்ச் 29-ம் தேதி முதல் பகல் இரண்டரை மணியோடும், ஏப்ரல் 5-ம் தேதி முதல் பகல் ஒரு மணியோடும் கடைகளை மூடும்படி உத்தரவாயிற்று. கடை திறந்திருக்கும் நேரத்தைச் சுருக்கினால், வர வேண்டிய ஜனங்களின் தொகை சுருங்குமா? அத்தனை பேரும் அந்தச் சில மணிக்குள் நெருங்கத்தானே செய்வார்கள்?

ஓடி வாங்கியவர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஓடவும் வகையற்றவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாக இடுக்கி ஜில்லாவின் ஏலத்தோட்டங்களுக்கு நித்தம் வேலைக்குச் செல்லும் ஸ்திரீகளும் புருஷர்களும் தேனி ஜில்லாவில் ஆயிரக்கணக்கானவர்கள். எல்லை மூடப்பட்ட அன்றே அவர்கள் கூலியும் மூடப்பட்டது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலமும் நின்றுபோயிற்று. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று அரிசி வாங்கும் குடும்பத்தைப் பார்த்து ஒரு மாதச் சாமானைச் சேகரித்து வைத்துக்கொள் என்பதும், பதுக்காதே என்பதும் ஒன்றுபோல் அர்த்தமற்ற பேச்சு. அலமாரி காலியாவதற்குமுன் வாங்கக்கூடியவன் பணம் உள்ளவன். காலியான பிறகு வந்து நிற்பவன் ஏழை. இந்தப் பரபரப்பின் பாரம் முழுவதும் கடைசியில் இறங்குவது அவன் தலையில்தான்.

பாதை அடைபட்ட கதையும் கவனிக்கத் தக்கது. விவசாய வேலைகளுக்கும், விளைபொருள் மார்க்கெட்டுகளுக்கும், அறுவடை இயந்திரப் போக்குவரத்துக்கும் விலக்கு உண்டு என்ற தெளிவான உத்தரவு டில்லியிலிருந்து வெளிவந்தது மார்ச் 27-ம் தேதியன்று. அதாவது ஊரடங்கு ஆரம்பித்து மூன்றாம் நாள். உத்தரவு காகிதத்தில் இருந்தது. சாவடியில் நின்ற காவலர் கையில் இருந்தது லத்தி. கேரளத்தை நம்பியே காய்கறியும் பழமும் விளைவிக்கும் ஒரு பள்ளத்தாக்கில், மலையேறும் பாதைகள் எந்தச் சரக்குக்குத் திறந்திருக்கும், எந்தச் சீட்டைக் காட்டினால் வண்டி போகலாம் என்பதை இரு ராஜ்யத்து அதிகாரிகளும் முன்கூட்டியே கூடிப் பேசி வைத்திருக்க வேண்டாமா? நெருப்புப் பிடித்த பிறகு கிணறு தோண்டுவது எந்த ஊர் நிர்வாகம்?

சந்தர்ப்பத்தைக் கண்டு விலையை ஏற்றியவர்களையும் நாம் மறக்கவில்லை. முகமூடியும் கைச்சுத்தித் திரவமும் மறைந்து மறைந்து விற்கப்பட்டதால்தான், 2020 மார்ச் 13-ம் தேதி அவற்றை 1955-ம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் கொண்டுவர நேர்ந்தது. மூன்றடுக்கு முகமூடி பத்து ரூபாய், 200 மில்லி திரவம் நூறு ரூபாய் என்று 21-ம் தேதி உச்சவிலையும் கட்டினார்கள். கள்ளமார்க்கெட்டுக்காரரைக் காவலில் வைக்க 1980-ம் வருஷத்துச் சட்டமும் இருக்கிறது. சட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வீட்டில் பத்து கிலோ அரிசி கூடுதலாக வைத்த குடும்பத் தலைவியையும், கிடங்கைப் பூட்டி விலையேற்றத்துக்குக் காத்திருக்கும் மொத்த வியாபாரியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமல்ல. முன்னவளுக்கு வேண்டியது தைரியம். பின்னவருக்கு வேண்டியது தண்டனை.

இந்த மண்ணுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்தபோதும் தானியம் தேசத்தை விட்டுக் கப்பலேறிற்று. வியாபாரத்தில் குறுக்கிட மாட்டோம் என்று லிட்டன் பிரபுவின் ஆட்சி சாதித்தது. அந்தப் பஞ்சத்தின் நினைவே பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் திட்டத்துக்கு வேகம் கொடுத்தது. 1895-ல் முடிந்த அந்த அணையின் நீரால் இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. 1918-ல் விஷ ஜுரம் உலகத்தை வாட்டிய அதே வருஷத்தில், யுத்தத்தாலும் மழை பொய்த்ததாலும் தானிய விலை உயர, செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. 1943-ல் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். 1941-ம் வருஷத்தைவிட அந்த வருஷம் அங்கே தானியம் குறைவாக இருக்கவில்லை என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். களஞ்சியத்தில் இருப்பது வேறு. ஏழையின் பானைக்கு வந்து சேர்வது வேறு என்பதே இவற்றின் சாரம்.

2020-ல் நம் நாட்டில் 1943 திரும்ப நடக்கவில்லை. அதற்குக் காரணம் யார்? ஊர் ஊராக நின்ற ரேஷன் கடைதான். தமிழ்நாட்டில் 30,000-க்கும் மேற்பட்ட அத்தகைய கடைகள் இருக்கின்றன. பரம ஏழைகளுக்கு மட்டும் என்று வடிகட்டாமல் பொதுவாக எல்லோருக்கும் திறந்திருப்பவை. அந்த ஏப்ரலில் அரிசிக் கார்டு உள்ள குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் இலவசமாகவும் கொடுத்தார்கள். இன்ன தேதி, இன்ன நேரம் என்று டோக்கன் கொடுத்து அழைத்தார்கள். சூப்பர் மார்க்கெட்டில் முண்டியடித்த அதே ஜனங்கள் இங்கே வட்டத்துக்குள் நின்று தம் முறைக்குக் காத்திருந்தார்கள். ஜனங்கள் ஒரே நாளில் குணம் மாறிவிட்டார்களா? இல்லை. தம் பங்கு நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் அவசரம் பிறப்பதில்லை. கார்டு இல்லாதவர், சொந்த ஊரில் கார்டை விட்டுப் பிழைக்க வந்தவர் ஆகியோர் கதி மட்டும் அப்போது மோசமாகவே இருந்தது. எந்த ராஜ்யத்துக் கார்டையும் ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அவ்வருஷம் அக்டோபர் முதல் தேதிதான்.

நோய் வாசலில் நிற்கும்போது அவகாசம் கொடுத்தால் கூட்டந்தானே சேரும் என்று கேட்கலாம். அவகாசம் கொடாததாலும் கூட்டம் சேர்ந்ததே! மதுரை, சென்னை, கோவை நகரங்களில் 2020 ஏப்ரல் 26 முதல் நாலு நாள் முழு அடைப்பு என்று 24-ம் தேதி அறிவித்தார்கள். 25-ம் தேதி கடைவீதிகள் திருவிழாவாயின. அன்று கடை நேரத்தைப் பகல் மூன்று மணி வரை நீட்ட வேண்டியதாயிற்று. சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் பரவிய தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை சென்றது. மே 5-ம் தேதி அதை மூடினார்கள். 2021 மே மாத முழு அடைப்பின்போது ஒன்றரை நாள் அவகாசம் கிடைத்தது. அப்போதும் கூட்டம் கூடிற்று. காய்கறி விலை ஏறிற்று. ஆனால் அடைப்பு ஆரம்பித்துக் காய்கறி வண்டிகள் தெருத் தெருவாக வந்தபின் பதற்றம் அடங்கியது. வெறும் அவகாசமும் போதாது, வெறும் வாக்குறுதியும் போதாது. பண்டம் வீட்டு வாசலுக்கு வருவதைக் கண்ணால் கண்ட பிறகே ஜனங்கள் நம்புவார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

ஆகையால் அடுத்த ஆபத்து எதுவாயினும், அதற்குமுன் செய்து வைக்க வேண்டியவை சில உண்டு. அடைப்பு உத்தரவும், கையிருப்பு எவ்வளவு, ஆளுக்கு வரம்பு எவ்வளவு, வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்ற விவரமும் ஒரே அறிவிப்பில் வெளிவர வேண்டும். கடை நேரத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டி, முதியோருக்குத் தனிவேளை ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கடையிலும் விலையும் இருப்பும் பலகையில் எழுதப்பட வேண்டும். தேனி, இடுக்கி ஜில்லா கலெக்டர்கள் மூன்று மலைப்பாதைகளுக்கும் நிரந்தர ஏற்பாடு ஒன்றைச் சமாதான காலத்திலேயே எழுதி வைக்க வேண்டும். வியாபாரி வராத நாளில் திராட்சையையும் வாழையையும் கூட்டுறவுச் சங்கங்கள் எடுத்துக்கொண்டு உழவர் சந்தை வழியாக நகரங்களுக்கு அனுப்ப வேண்டும். தினக்கூலிக் குடும்பத்துக்கு உதவிப் பணம் அடைப்பின் முதல் நாளே கையில் சேர வேண்டும்.

இவற்றைச் சர்க்காரே செய்யட்டும் என்று பொது ஊழியர்கள் கைகட்டியிருப்பது தகாது. தன் தெருவில் ஒண்டியாக வாழும் கிழவி யார், ரேஷன் கார்டில்லாத கூலிக்காரன் யார், குழந்தைக்குப் பால் வாங்க வழியற்ற வீடு எது என்பதை அறிந்த ஊழியன் நூறு உத்தரவுகளுக்குச் சமானம். வார்டு தோறும் இந்தக் கணக்கை எடுத்து வைப்பதும், கிடங்குப் பூட்டின்மேல் ஒரு கண் வைப்பதும், ரேஷன் கடையில் எடை குறையாமல் பார்ப்பதும் இன்றே ஆரம்பிக்க வேண்டிய தேசத் தொண்டு. அண்டை வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கும் ஊரில் யாரும் அரிசி மூட்டையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்க மாட்டார்கள்.