தையல்நாயகி என்று பெயர் வைத்தால் என்ன?

பெண் குழந்தை பிறந்த வீட்டில் முதல் வாரத்திலேயே பெயர்ப் பேச்சு தொடங்கிவிடும். பெற்றவர்கள் மனதில் தையல்நாயகி, திலகவதி, புனிதவதி, வடிவு என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும். அதை வெளியே சொல்லி, "எப்படி இருக்கு?" என்று கேட்டதுதான் தாமதம், ஆளுக்கொரு தீர்ப்பு வந்து விழும். "பாட்டி பேரு மாதிரி இருக்கே" என்பார் ஒருவர். "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க" என்பார் இன்னொருவர். நாலு பேரிடம் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பெயர் கைநழுவிப் போய், யாரும் குறை சொல்லாத, ஆனால் யாருக்கும் பொருள் தெரியாத வேறொரு பெயர் தொட்டில் ஏறிவிடுகிறது.

ஊரைக் கேட்பதில் தப்பில்லை. "பிடிச்சிருக்கா?" என்று கேட்பதுதான் தப்பு.

பெயர் வைப்பது தமிழ்க் குடும்பங்களில் என்றைக்கும் பலர் கூடிச் செய்த காரியம்தான். மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர், அடுத்தவளுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்பது பல வீடுகளில் எழுதப்படாத வழக்கம். மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டவும் முடியாது. அதனால் கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு வீட்டுப் பெயர் உண்டானது. குலதெய்வத்துக்கும் இதில் பங்கு உண்டு. நெல்லைச் சீமையின் இசக்கியம்மாள்களும் பேச்சியம்மாள்களும் அப்படி வந்தவர்கள். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும் உரிமை பல குடும்பங்களில் அத்தைக்கு. இத்தனை பேர் கூடினாலும் பெயரின் அழகுக்கு அங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை. அது யாருடைய பெயர், எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேச்சாக இருந்தது.

அந்தப் பேச்சுதான் இன்று காணாமல் போயிருக்கிறது. தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயிலில் குடிகொண்ட அம்மன். நோய் தீர்க்க வந்த வைத்தியநாதருடன் தைலப் பாத்திரம் ஏந்தி வந்தவள் என்பது தலத்துக் கதை. திலகவதி, தனக்கு நிச்சயித்த வீரன் போரில் இறந்த பிறகும் தம்பிக்காக உயிர் தரித்திருந்தவர். அந்தத் தம்பிதான் திருநாவுக்கரசர். புனிதவதி, காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர். அறுபத்து மூன்று நாயன்மார்களில் பெண்கள் மூவர்தான். அவர்களில் ஒருவர் அவர். இதையெல்லாம் சொல்லிவிட்டு "இந்தப் பெயர் எப்படி?" என்று கேட்டால் வரும் பதிலே வேறாக இருக்கும். பெயரை மட்டும் நீட்டினால், கேட்டவருக்குத் தம் தெருவில் அதே பெயரில் இருந்த ஏதோ ஒரு பாட்டிதான் நினைவுக்கு வருவார்.

'பழசு' என்ற முத்திரையும் நிலையானதல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. சோழர் காலத்துக் குந்தவையும், கதையில் வந்த வானதியும் பூங்குழலியும் அதன் வழியே வாசகர் வீட்டுத் தொட்டில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் தமிழ்ச்செல்வி, கயல்விழி, தேன்மொழி என்ற பெயர்களை ஊரெங்கும் கொண்டு சேர்த்தன. இன்று யாழினி என்றால் முகம் சுளிப்பவர் இல்லை. வேதாரண்யத்து அம்மனின் பெயர் யாழைப்பழித்த மொழியாள். குற்றாலத்து அம்மன் குழல்வாய்மொழி. புதுமை தேடுகிறவர்கள் கோயில் வாசலில் போய் நின்றாலே போதும், பெயர்கள் கிடைக்கும்.

"நட்சத்திர எழுத்துக்குப் பழைய பெயர் அமையவில்லை" என்பது அடிக்கடி காதில் விழும் சமாதானம். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதங்கள் வீதம் 108 எழுத்துகள் சொல்லப்படுகின்றன. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு என்றால் வடிவு, வள்ளி இருக்கிறார்கள். திருவாதிரைக்குக் 'கு' வந்தால் குந்தவை இருக்கிறாள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், தான் கொடுத்தவற்றோடு தன் அக்கன் கொடுத்தவற்றையும் வெட்டச் சொன்னார் ராஜராஜன். அந்த அக்கன்தான் குந்தவை.

பழைய பெயர் என்பதற்காகவே எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்று 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்ததும் இந்த மண்ணின் வழக்கம்தான். மராட்டியத்தில் இதற்கு இணையான பெயர் 'நகுசா'. 2011-ல் சாத்தாரா மாவட்டத்தில் அந்தப் பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு அரசே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. வாழ்நாள் முழுக்கப் பெயரைச் சுமக்கப் போகிறவள் அந்தக் குழந்தை. அவளை இழிவுபடுத்தும் பெயரை எந்தப் பாரம்பரியத்தின் பேராலும் வைக்கக் கூடாது.

ஆகவே கேட்கத்தான் வேண்டும். ஆள் பார்த்துக் கேட்க வேண்டும். அதே பெயரோடு வாழ்ந்த ஒரு பெண்ணிடம், அந்தப் பெயரால் பட்டதையும் பெற்றதையும் கேட்கலாம். தமிழாசிரியரிடம் பொருளையும் எழுத்தையும் கேட்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம், 'ழ' வரும் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அங்குள்ளவர்கள் எப்படி உச்சரிப்பார்கள் என்று கேட்கலாம். எல்லோருக்கும் முன்பாகப் பிள்ளையைப் பெற்றவளைக் கேட்க வேண்டும். பல வீடுகளில் அவளுடைய விருப்பம்தான் கடைசியாகக் காதில் விழுகிறது.

அவசரப்படத் தேவையும் இல்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் இல்லாமலே அதைச் செய்யலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்க முடியும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் வாக்காளர் பட்டியல் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். அதில் ஏறும் ஒவ்வோர் எழுத்தும் பின்னால் மற்ற ஆவணங்களிலும் தொடரும். சட்டம் தரும் அந்த ஓராண்டில் நாலு கோயில், நாலு புத்தகம், நாலு பெரியவர்கள் என்று தேடிப் பார்த்துவிட்டு, தையல்நாயகிதான் வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தோன்றினால் தயங்காமல் அதையே எழுதிக் கொடுக்கலாம்.