பதக்கம் பெறாத வீரம்

2017 ஜூலை 22 அன்று நல்லூரில், நீதிபதி மா. இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலரான பொலிஸ் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி, பின்னர் உயிர்நீத்தார். சிங்களவரான அவரது குடும்பத்தின் முன் தமிழ் நீதிபதி மண்டியிட்டு அழுததை நாடே கண்டது. பிற இனத்தவரின் உயிருக்காக நிற்பதே வீரத்தின் உச்சம். பொலிஸ் வீரப்பதக்கங்களுக்கும் அதுவே அளவுகோலாக வேண்டும்.

சீருடையற்ற இத்தகைய வீரத்தை மன்னார் அறியும். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி உள்ளிட்ட ஊர்களின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலர் கடல்வழியே கற்பிட்டியை அடைந்தனர். அன்று துப்பாக்கிகளுக்கு அஞ்சாது ஆட்சேபித்த தமிழரும் மன்னாரில் இருந்தனர். அவர்களுக்குப் பதக்கமேது? அத்தலைமுறை மறையுமுன் அவர்களின் பெயர்களை இரு சமூகங்களும் சேர்ந்து பதிவுசெய்தல் வேண்டும். நாம் வேண்டுவது அதுவே.