சிறிதாயினும் முடித்ததே மேல்

நம் கணிப்பொறித் துறையில் மூன்றாம் ஆண்டில் புராஜெக்ட் என்றொரு தாள் உண்டு. அதன் பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் இரு வழிகளில் ஒன்றை நாடுகிறோம். ஒன்று, வானளாவத் திட்டம் தீட்டிப் பாதியில் கைவிடுவது. மற்றொன்று, கடையில் விலைக்கு வாங்கி, அட்டை போட்டு, நம் பெயரை எழுதிக்கொள்வது. இவ்விரண்டும் தாயும் பிள்ளையும் என்பதே என் கருத்து. முடிக்க முடியாததைத் தொடங்கியவன்தான் கடைசி வாரத்தில் கடையைத் தேடி ஓடுகிறான்.

நானும் முதல் வழியில் நடந்தவனே. சென்ற பருவத்தில், இப்போதே பழகிக்கொள்வோம் என்று, விடுதி நிர்வாகம் முழுவதற்கும் புரோகிராம் எழுதப் புறப்பட்டேன். அறை ஒதுக்கீடு, வருகைப் பதிவு, உணவுக் கட்டணம் என்று நோட்டு முழுவதும் ஆசைகளை நிரப்பினேன். இரண்டு மாதத்தில் முடிந்தது முகப்புத் திரை ஒன்றுதான்!

பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே கேள்வியை எழுதினேன்: இம்மாத உணவுச் செலவில் ஒருவர் பங்கு எவ்வளவு? மொத்தச் செலவை எல்லாரும் உண்ட நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் கட்டணம் கிடைக்கும். அதை அவரவர் உண்ட நாட்களால் பெருக்க வேண்டும். வீட்டில் கணிப்பொறி இல்லாத எனக்கு ஆய்வுக்கூட நேரமே சொந்தம். ஆகவே முதலில் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். பைத்தான் மொழியில் 60 வரிகள்; எழுத ஒரு வாரம். பழைய பேரேட்டோடு ஒப்பிட்டுப் பிழை தேட மூன்று வாரம். ஒவ்வொருவர் தொகையையும் முழு ரூபாயாக்கியதில் மொத்தத்தில் 11 ரூபாய் இடித்தது. அந்தப் 11 ரூபாய் கற்பித்த பாடம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர், வயது 21. தம் வீட்டுக் கணிப்பொறியிலிருந்து பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்பு கொள்ள ஒரு சிறு புரோகிராம் எழுதினார். அது ஓடியபின் அதன்மேல் ஒவ்வொன்றாகக் கட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த முதற்பதிப்பு ஏறத்தாழ 10,000 வரிகளே. 1.0 என்று எண்ணிட 1994 மார்ச் வரை பொறுத்தார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் யாவும் லினக்ஸ் கருவின்மேல்தான் இயங்குகின்றன.

"சிறியதற்கு மதிப்பெண் வருமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாய்மொழித் தேர்வில், "இந்த வரி எதற்கு?" என்று தேர்வாளர் கேட்கும்போது, எழுதியவன் பேசுவான், வாங்கியவன் விழிப்பான். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மாதத்திலேயே, எவ்வளவு சிறிதாயினும், ஓடுகின்ற ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கண்ட பிழைகளை எழுதிய நோட்டுக்கும் மதிப்பெண் தாருங்கள்.

வள்ளுவர் வினைத்திட்பத்தை அடுத்தே வினைசெயல்வகையை வைத்தார். உறுதி மட்டும் போதாது, முறையும் வேண்டும். நண்பர்களே, சிறிதாகத் தொடங்குவோம். நம் கையாலேயே முடிப்போம்.