அபாயச் சங்கு ஒலிக்கையில் எம்மவர் எங்கே?

வீடு பற்றி எரியும்போது நீர் கொண்டு ஓடிவருபவர் எந்த இனத்தவர், எந்த மொழியினர் என்று எவரும் கேட்பதில்லை. ஆயினும் அவ்வாறு ஓடிவருவோரின் வரிசையில் எமது பிள்ளைகள் நிற்கின்றார்களா என்ற வினாவை நாம் எம்மிடமே கேட்டாக வேண்டும். இதற்கு விடை தேடுவோர், தமிழர் பெருமளவில் வாழ்ந்த இரங்கூன் நகரின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

இன்று யாங்கூன் என அழைக்கப்படும் அந்நகரின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர் என 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டியது. துறைமுகமும் அரிசி ஆலைகளும் நகரத் துப்புரவுப் பணியும் தெலுங்கர், தமிழர் உள்ளிட்ட இம்மக்களின் உழைப்பிலேயே இயங்கின. 1941 டிசெம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது முதன்முறையாகக் குண்டு வீசின. பதுங்கிடம் நாடாது வீதிகளில் நின்று வானத்தைப் பார்த்திருந்த மக்கள் பெருந்தொகையாக மாண்டனர். இறந்தோர் 2000 பேர் அளவில் என மதிப்பிடப்படுகின்றது. மரவீடுகள் நிறைந்த பகுதிகளில் தீ மூண்டது. ஒரே நாளில் எண்ணற்ற இடங்களிலிருந்து எழுந்த அபயக் குரல்களுக்கு நகரின் மீட்புப் பணிகளால் ஈடுகொடுக்க இயலவில்லை. இரண்டு நாட்களின் பின் மீண்டும் குண்டுகள் விழுந்தன.

உழைப்பாளர் கால்நடையாக வெளியேறத் தொடங்கியதும் நகரமே செயலிழந்தது. அவர்களைக் குறைகூறுதல் அறமன்று. 1930ஆம், 1938ஆம் ஆண்டுகளின் கலவரங்களில் தம்மவர் வெட்டிக் கொல்லப்பட்டதைக் கண்டிருந்த மக்கள் அவர்கள். நகருக்கு அவர்களது கைகள் தேவைப்பட்டன; அவர்களைக் காப்பதற்கான திட்டத்தில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. இந்தியாவை நோக்கிய அந்நெடும் பயணத்தில் பல்லாயிரவர் மடிந்தனர்.

இதே நகரில் மூன்றரை ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது வேறு. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியப் படை வெளியேறியது. மே 3 அன்று பிரித்தானியப் படை வந்து சேரும்வரை நகரைக் காக்கும் பொறுப்பை இந்திய தேசிய இராணுவத்தின் ஏறத்தாழ 6000 வீரர்கள் ஏற்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதன் ஒரு மருத்துவர். ஆட்சியே இல்லாத அந்நாட்களில் பெருங்கொள்ளை நிகழாது நகரம் காக்கப்பட்டது. சிதறி ஓடிய மக்களுக்கும் அணிதிரண்டு நின்ற மக்களுக்கும் இடையிலான வேறுபாடு வீரத்தில் இல்லை. முன்கூட்டியே பெற்ற பயிற்சியிலும் ஒழுங்கமைப்பிலுமே உள்ளது.

ஆயின், சேவை செய்தால் அந்நாட்டினர் எம்மை ஏற்பர் என்று கூறிவிட முடியுமா? முடியாது. 1964ஆம் ஆண்டின் தேசியமயமாக்கலை அடுத்து இலட்சக்கணக்கான இந்தியர் வெறுங்கையுடன் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்தது. தொண்டு என்பது காப்புறுதிப் பத்திரம் அன்று. அயலவர் வீட்டுத் தீ அணைக்கப்பட வேண்டியது என்பதனாலேயே அதனை அணைக்கின்றோம்.

யாங்கூனில் இவ்வுணர்வு இன்றும் அற்றுப்போகவில்லை. அந்நாட்டில் அரச தீயணைப்பாளருக்குத் துணையாகத் தொண்டர் தீயணைப்பாளரும் உள்ளனர். 2011 டிசெம்பர் 29 அன்று மிங்கலா தாவுங்நியுன் பகுதியில் பண்டகசாலையொன்று வெடித்தபோது, தீயணைக்கச் சென்றோர் உட்படக் குறைந்தது 17 பேர் உயிரிழந்தனர். 2008 நர்கிஸ் புயலின்போதும், 2021இல் கொரோனா உச்சமடைந்து ஒட்சிசனுக்கு மக்கள் அலைந்தபோதும் சாதாரண மக்களே தொண்டர்களாகி உதவினர்.

எமது நிலை என்ன? ஜேர்மனியில் தீயணைப்புப் பணியைப் பெரிதும் தாங்கி நிற்போர் ஊதியம் பெறாத தொண்டர்களே. அவர்களின் தொகை சுமார் 10 இலட்சம். கனடாவிலும் தீயணைப்பாளரில் பெரும்பான்மையோர் தொண்டர்களே. சுவிற்சர்லாந்தின் பல மாநிலங்களில் இச்சேவையில் சேராதோர் அதற்கு ஈடாக வரி செலுத்த வேண்டும். எம்மவரிற் பலர் அவ்வரியைச் செலுத்திவிட்டுக் கடமை முடிந்ததென அமைதியடைகின்றனர்.

பெற்றோரே! மருத்துவமும் பொறியியலும் மட்டுமே பிள்ளைக்குப் பெருமை தரும் என எண்ண வேண்டாம். தமிழ்ப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உள்ளூர்த் தீயணைப்புப் படையினரை அழைத்து மாணவருக்குப் பயிற்சி அளிக்கலாம். ஜேர்மனியின் இளையோர் தீயணைப்பு அணிகளிற் சிறுவயதிலேயே சேர முடியும். இளையோரே! உங்கள் பாட்டனார் அவசர எண்ணை அழைத்துத் தம் முகவரியை அந்நாட்டு மொழியிற் கூற வல்லவரா? இன்றிரவே அவருடன் அமர்ந்து அதனைப் பழக்குங்கள்.

1941இல் இரங்கூனில் எம்மவருக்கு அந்த வாய்ப்பு அளிக்கப்படவில்லை. எமக்கோ கதவு திறந்திருக்கின்றது. அபாயச் சங்கு ஒலிக்கும் நாளில் ஓடி ஒளிவோராக அன்றி, ஓடிவந்து உதவுவோராக எமது அடுத்த தலைமுறையை ஆக்குவது எம் அனைவரதும் கடப்பாடாகும்.