டப்பா தேடும் பிரயாணம்

அமெரிக்காவில், வீடுபோல் அமைத்த மோட்டார் வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராய்ச் சுற்றும் வழக்கம் வெகுகாலமாய் இருந்து வருகின்றது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூசு எல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு. இப்படிச் சுற்றுகிறவர்களில் பலர் மற்றொரு வேலையையும் சேர்த்துக் கொண்டிருக்கின்றார்கள். அது யாதெனில், முன்பின் தெரியாத ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிக் கண்டுபிடிப்பதேயாகும். இதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். வேலையற்றவர்களின் வேடிக்கை என்று சிலர் இதைக் கேலி செய்யலாம். நாம் அப்படிக் கருதவில்லை.

முதலில் விஷயம் இன்னதென்று பார்ப்போம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நேரக் குறிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கையிலுள்ள கருவி குறைந்தது 4 கோள்களின் குறிப்பை வாங்கி, நாம் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லுகின்றது. அமெரிக்க ராணுவத்தார் வெகுநாள் வரை பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் கணக்கில் மாத்திரம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, கிளிண்டன் உத்தரவுப்படி அது நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் அல்மர் என்பவர், ஒரிகன் மாகாணத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகே ஒரு வாளியில் சில்லறைச் சாமான்களையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்து, அவ்விடத்தின் எண்களை உலகுக்கு வெளியிட்டார். கண்டுபிடித்தவன் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்; ஒன்றை வைக்க வேண்டும்; தன் பெயரை எழுத வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

இதில் நாம் மெச்சுவது என்னவென்றால், சொன்னதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் உரிமை இருப்பதேயாகும். இன்ன இடத்தில் இன்னது இருக்கின்றது என்கிறார்கள்; போய்ப் பார்த்தால் இருக்கும், அல்லது இராது. இல்லாவிட்டால் "காணவில்லை" என்று பகிரங்கமாய் எழுதலாம். "உனக்குப் பக்குவம் போதாது, ஆகையால் தெரியவில்லை" என்று சொல்ல அங்கே தரகன் எவனும் இல்லை. பலர் காணவில்லை என்றால், வைத்தவரே வந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது எடுத்துவிட வேண்டும். இந்த ஒழுங்கு டப்பாவுக்கு இருக்கும்போது, பெரிய பெரிய விஷயங்களுக்கு ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கின்றோம்.

நிற்க, இவ்விளையாட்டினால் சிற்றூர்களுக்கும் பயன் உண்டு. கான்சாஸ் மாகாணத்தில் மிங்கோ என்னுமிடத்தில் 2000 மே 11-ந் தேதி ஒரு டப்பா வைக்கப்பட்டது. அதற்காகவே 70-ஆம் எண் பெருஞ்சாலையை விட்டு இறங்கினவர்கள் ஏராளம். அதே வடமேற்குக் கான்சாஸில்தான் நிக்கோடிமஸ் என்னும் ஊரும் இருக்கின்றது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கருப்பு மக்கள் 1877-இல் சமவெளியில் மண்ணைத் தோண்டி வீடு கட்டிக் குடியேறிய ஊர் அது. 1888-இல் ரயில் அவ்வூருக்கு வராமல் ஒதுங்கிப் போய்விட்டது. வியாபாரிகளும் ரயிலைத் தேடிப் போய்விட்டார்கள். ஆனாலும் ஊர் சாகவில்லை. 1996-இல் சர்க்கார் அதைத் தேசிய சரித்திர ஸ்தலமாக்கினார்கள். பெருஞ்சாலையிலேயே பறக்கிறவனுக்கு இப்படி ஓர் ஊர் உண்டென்பதே தெரியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இன்று வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்குவது உல்லாசம். ஆனால் அதே ரோடுகளில் கருப்பு மக்கள் வண்டியில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், வண்டியிலேயே தூங்கியது உல்லாசத்திற்காகவா? ஓட்டலில் இடம் கொடுக்க மாட்டார்கள் என்பதற்காகவே. பொழுது சாய்ந்தபின் கருப்பர் தங்கக்கூடாதென்ற சிற்றூர்கள் எத்தனையோ இருந்தன. எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று சொல்ல, நியூயார்க்குத் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936 முதல் ஒரு வழிகாட்டிப் புத்தகமே போட வேண்டியிருந்தது. 1964-ஆம் வருஷத்துச் சட்டம்தான் ஓட்டல் கதவைத் திறந்தது. ஆகவே சிற்றூரின் அழகைப் பார்க்கிறவன், அந்த அழகு யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு மூடியிருந்தது என்பதையும் விசாரிக்க வேண்டாமா?

இவ்விளையாட்டிலும் மூடத்தனம் புகாமலில்லை. நெவாடா மாகாணத்து 375-ஆம் எண் ரோட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட டப்பாக்களை வரிசையாக வைத்தார்கள். வண்டியை நிறுத்துவது, பெயரை எழுதுவது, மறுபடி ஓட்டுவது என்று நாள் முழுதும் எண்ணிக்கையைப் பெருக்கினவர்கள் உண்டு. இதற்கும் பொருள் தெரியாமல் லட்சம் தடவை நாமம் ஜபிப்பதற்கும் என்ன வித்தியாசம்?

டப்பாவுக்குள் இருக்கும் சாமான் காலணாவும் பெறாது என்பது தேடுகிறவர்களுக்கே தெரியும். போகும் வழியில் ஊரையும், ஊராரையும், அவர்கள் பட்ட பாட்டையும் அறிவதே லாபம். அந்த அறிவு இல்லாமல் ஆயிரம் மைல் சுற்றினாலும், தேய்வது டயர்தானேயொழிய மூடத்தனம் அல்ல என்பதே நமது அபிப்பிராயம்.